வார்டுப் பணத்தை யார் பிரிக்கிறார்கள்? பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சூர், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், பிரேசர் டவுன், லிங்கராஜபுரம் என்று பெங்களூரில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடங்கள் பல. மோரி அடைத்துக்கொண்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பதும், தண்ணீர் வராவிட்டால் எம்.எல்.ஏ.வுக்கு வேண்டிய ஆள் ஒருவரைப் பிடிப்பதும் நமக்குப் பழக்கம். ஆனால் இந்த ஆண்டு நம் வார்டுக்கு எவ்வளவு பணம் வந்தது, அதை மோரிக்குச் செலவழிப்பதா நடைபாதைக்கா என்று முடிவு செய்தது யார், அந்த இடத்தில் நாமும் உட்காரலாமா என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது.

உட்காரலாம். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

புகார் கொடுப்பது வேறு, பங்கேற்பது வேறு. கெட்டுப்போனதைச் சரிசெய்யச் சொல்வது புகார். பணத்தைப் பிரிக்கும் முன்பே போய், எங்கள் தெருவுக்கு இன்னது முதலில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அது நடந்ததா என்று கணக்குக் கேட்பதுதான் பங்கேற்பு. முதல் வேலையில் நாம் கெட்டிக்காரர்கள். இந்தக் கட்டுரை இரண்டாவதற்கு.

சட்டம் என்ன சொல்கிறது

1992-ல் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 243-எஸ் பிரிவு. குடிநீர், சாலை, குப்பை, குடிசைப்பகுதி மேம்பாடு, நகரத் திட்டமிடல் உட்பட 18 பணிகளை உள்ளாட்சிக்கு உரியவையாக 12-ஆவது அட்டவணை பட்டியலிடுகிறது. 2011-ல் கர்நாடகம் தன் மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, வார்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு என்றது. 10 உறுப்பினர்கள், அவர்களில் குறைந்தது 3 பெண்கள், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் 2 பேர், குடியிருப்போர் சங்கங்களிலிருந்து 2 பேர். தலைவர், வார்டு கவுன்சிலர். குழுவின் முடிவைத் தடுக்கும் அதிகாரமும் அவருக்கே கொடுக்கப்பட்டது. அது அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. விதிகள் வெளிவர 2016 ஆனது. குப்பைப் பிரச்சினை தொடர்பான பொதுநல வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் நெருக்கிய பிறகுதான் குழுக்கள் காகிதத்திலிருந்து வெளியே வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். பி.பி.எம்.பி. என்ற பழைய பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசித் தேர்தல் 2015 ஆகஸ்டில் 198 வார்டுகளுக்கு நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். வார்டுக் குழுக் கூட்டங்களையும் நோடல் அதிகாரிகளே நடத்தினார்கள். 2024-ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் 2025 மே 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் பழைய பி.பி.எம்.பி. போய், மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் உருவாயின. ஐந்துக்கும் சேர்த்து 369 வார்டுகள். இவற்றுக்கு மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட கிரேட்டர் பெங்களூரு ஆணையம். அதிகாரம் மேலே குவிகிறது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. புதிய சட்டத்திலும் வார்டுக் குழு உண்டு என்பதால், கீழே இருக்கும் அந்த ஒரு பிடியை நாம் விட்டுவிடக் கூடாது.

படி 1: உங்கள் வார்டும் உங்கள் ஓட்டும்

வார்டு எல்லைகள் மாறிவிட்டன. பழைய வார்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள்கூடப் புது அறிவிக்கையைப் பார்க்க வேண்டும். அல்சூரும் சிவாஜிநகரும் ஆஸ்டின் டவுனும் மத்திய மாநகராட்சியில் வருகின்றன; பிரேசர் டவுனும் லிங்கராஜபுரமும் வடக்கில். ஒரே தெருவின் இரண்டு பக்கங்கள் இரண்டு வார்டுகளில் இருக்கலாம் என்பதால், வரைபடத்தில் உங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது ஓட்டு. வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர் ஓட்டை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பற்று புரிகிறது. ஆனால் குழாயும் குப்பை வண்டியும் பிள்ளையின் பள்ளியும் இங்கே இருக்கும்போது, உங்களை வாக்காளர் பட்டியலில் காணாத கவுன்சிலர் உங்கள் தெருவைக் கணக்கில் வைக்க மாட்டார். இடம் மாற்ற படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வார்டு வாக்காளர் பட்டியல், சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. ஆகவே அங்கே பெயர் சரியாக இருந்தால்தான் இங்கேயும் வரும்.

படி 2: எந்த வேலை எந்த அலுவலகம்

கேள்வியைத் தவறான மேசையில் வைத்தால் மாதங்கள் போய்விடும். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வடிகால் வாரியம். அழைப்பு எண் 1916. மின்சாரம் பெஸ்காம், 1912. பேருந்து பி.எம்.டி.சி. தெரு, மழைநீர் மோரி, நடைபாதை, தெருவிளக்கு, பூங்கா எல்லாம் மாநகராட்சி, எண் 1533. நகரத் திட்டம் நெடுங்காலம் பெங்களூரு வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ.வின் கையில் இருந்தது. குடிசைப்பகுதி என்றால் தனி வாரியம்.

இத்தனை வாரியங்களில் கவுன்சிலரின் சொல் எடுபடாது. 18 பணிகள் உள்ளாட்சிக்கு என்று எழுதிவைத்தும், பெங்களூரில் தண்ணீரும் பேருந்தும் மாநில அரசின் கையிலேயே இருக்கின்றன. ஆனால் வார்டுக் குழுக் கூட்டத்துக்கு இந்த வாரியங்களின் வட்டாரப் பொறியாளர்களையும் அழைக்கச் சொல்லிக் கேட்கலாம். அவர்கள் வந்து உட்கார்ந்த கூட்டத்தில், ‘அது எங்கள் துறை இல்லை’ என்ற பதில் குறைகிறது.

படி 3: தெருவாகச் சேருங்கள்

தனி ஆளாகப் போனால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஏழெட்டு வீட்டுக்காரர்கள் போதும், பதிவு செய்த சங்கம் இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஆனால் வார்டுக் குழுவில் சங்கத்துக்கு உரிய இடத்தைக் கேட்க வேண்டுமானால் பதிவு உதவும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சங்கங்கள் அந்த இடங்களை எளிதில் பிடித்துவிடுகின்றன; ஒண்டுக் குடித்தனக்காரர்களும் குடிசைப்பகுதிக்காரர்களும் வெளியே நிற்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1991 காவிரிக் கலவரத்தை நேரில் பார்த்த தலைமுறைக்கு, பொது இடத்தில் முன்னால் நிற்கத் தயக்கம் உண்டு. 2016-லும் அந்த அச்சம் திரும்ப வந்தது. அந்தத் தயக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இதற்கு நான் கண்ட நல்ல வழி, தமிழர் குழுவாகப் போகாமல் தெருவாகப் போவது. கன்னடம், தெலுங்கு, உருது பேசும் பக்கத்து வீட்டாரும் அதே மோரி நாற்றத்தில்தான் வாழ்கிறார்கள். மனுவின் முதல் கையெழுத்து அவர்களில் ஒருவருடையதாக இருந்தாலும் நல்லதே. பெண்களை முன்னால் வையுங்கள்: தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, குப்பை வண்டி எந்த நாளில் வரவில்லை என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

படி 4: தெருவை நடந்து பாருங்கள்

ஒரு ஞாயிறு காலை போதும். அல்சூர் ஏரிப்பக்கத் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்த மோரி மூடி உடைந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கில்லை, மழை பெய்தால் எந்த வீட்டு வாசல் வரை தண்ணீர் நிற்கிறது என்று, வீட்டு எண்ணோ கம்பத்தின் எண்ணோ சேர்த்துக் குறியுங்கள். ‘எங்கள் தெரு மோசம்’ என்று சொன்னால் பொறியாளரால் எஸ்டிமேட் போட முடியாது. ‘இந்தக் கோயிலிலிருந்து அந்த ரேஷன் கடை வரை இத்தனை மீட்டர் மோரிக்கு மூடி இல்லை’ என்றால் போட முடியும். படங்களில் தேதி தெரியட்டும்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து, கண்டதில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதில்தான் சண்டை வரும். மேட்டு வீட்டாருக்கு நடைபாதை, பள்ளத்து வீட்டாருக்கு மோரி. அந்தச் சண்டையைத் தெருவுக்குள்ளேயே முடித்துவிட்டுப் போனால்தான் கூட்டத்தில் ஒரே குரலில் பேசலாம்.

படி 5: மனு

கர்நாடகத்தில் ஆட்சிமொழி கன்னடம். மனுவைக் கன்னடத்தில் கொடுங்கள். விரைவாக நகரும், மரியாதையும் கிடைக்கும். நம்மில் பலருக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆனால் பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளை அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்: என்ன வேலை, எந்த இடம், எத்தனை வீடுகள், முன்பு எப்போது கேட்டோம். அலுவலகத்தில் காதில் விழும் சில சொற்களைத் தெரிந்துவைத்தால் தடுமாற்றம் குறையும்: மனு அர்ஜி, ஒப்புகை ஸ்வீக்ருதி, கூட்டக் குறிப்பு நடாவளி, பணி காமகாரி, மானியம் அனுதான.

முத்திரையும் தேதியும் போட்ட நகல் இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று கேட்டுத் திரும்பினால், அந்த மனு கொடுக்கப்படாததற்குச் சமம். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அன்றாடக் குறைகளுக்கு மாநகராட்சியின் புகார்ச் செயலியான சகாயா போதும். புகார் எண்ணை மட்டும் குறித்துவையுங்கள், பின்னால் மனுவில் சேர்க்கப் பயன்படும்.

படி 6: வார்டுக் குழுக் கூட்டம்

பழைய விதிகளின்படி கூட்டம் மாதம் ஒருமுறையாவது நடக்க வேண்டும். நடாவளியை வெளியிட வேண்டும். குழுவின் அமைப்பு சட்டத்துக்குச் சட்டம் மாறியிருப்பதால், உங்கள் மாநகராட்சி வெளியிடும் அறிவிக்கையின் நகலை முதலில் வாங்கிவிடுங்கள். உறுப்பினர்கள் யார், எந்தப் பிரிவின் கீழ் வந்தார்கள், கூட்டம் எங்கே என்பது அதில் தெரியும். உறுப்பினர் தேர்வுக்கு விண்ணப்பம் கேட்கும் நாட்களைத் தவறவிடக் கூடாது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் ஒதுக்கும் விதி இருக்கும்போது, தகுதியான ஆளை நாம் நிறுத்தாவிட்டால், அந்த நாற்காலியில் வேறு யாருடைய உறவினராவது உட்கார்ந்துவிடுவார்.

உறுப்பினர் இல்லாவிட்டாலும் போங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மூன்று கோரிக்கைகளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் ஒருவர் பேசட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். எல்லோரும் ஒன்றாகப் பேசினால் நிரலில் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

பேச வேண்டியது இரண்டே நிமிடம். என்ன வேண்டும், ஏன் இது முதலில், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். பொறியாளர் ‘நிதி இல்லை’ என்றால், நல்லது, இந்த ஆண்டு வார்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு, எந்தெந்தக் காமகாரிக்குப் போனது என்று பட்டியல் கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், கேட்டதை விடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் மிக முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது: நாம் சொன்னது நடாவளியில் ஏறியதா என்று பார்ப்பது. ஏறாவிட்டால் கூட்டத்தில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ‘இன்ன தேதிக் கூட்டத்தில் இவை பேசப்பட்டன, நடாவளியில் சேர்க்கவும்’ என்று மறுநாளே ஒரு கடிதம் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, போன கூட்டத்தின் முடிவுகள் என்னவாயின என்பதாக இருக்கட்டும். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து ஒரே ஆட்கள் வந்து இதே கேள்வியைக் கேட்டால் அறையின் தன்மையே மாறுகிறது. நான் பார்த்த மாற்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன. ஒருமுறை ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனதால் வந்தவை மிகக் குறைவு.

கூட்டமே நடக்கவில்லை என்றால்? மாநகராட்சி ஆணையருக்கு எழுதி, கடந்த ஆறு மாத நடாவளிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நடக்காத கூட்டத்துக்கு நடாவளி தர முடியாது. அந்தப் பதிலே உங்களுக்கு ஆவணம்.

படி 7: பட்ஜெட்டுக்கு முன்பே

பங்கேற்பின் உயிர்நாடி இது. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது, பட்ஜெட் பிப்ரவரி மார்ச்சில் வாசிக்கப்படுகிறது, ஆனால் பணிப் பட்டியல் அதற்கு மாதங்களுக்கு முன்பே பொறியாளரின் மேசையில் உருவாகிவிடுகிறது. மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கோபத்தில் நாம் செப்டம்பரில் போய் நிற்கிறோம். அந்த ஆண்டின் பணம் அதற்குள் பிரிந்து போயிருக்கும். அதே மனுவை நவம்பரில் மீண்டும் கொடுத்தால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஏற வாய்ப்பு இருக்கிறது. ஆகவே தெரு நடை அக்டோபரில், மனு நவம்பரில், வார்டுக் குழுத் தீர்மானம் டிசம்பருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025-26க்கு பி.பி.எம்.பி. வாசித்த பட்ஜெட் ஏறத்தாழ 19,900 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகையில் தெரு மோரிக்கு இடமில்லை என்பது பொருந்தாது. மோரிக்குப் பணம் வராததற்கு, பெரும்பகுதி பெரிய பாலங்களுக்கும் சாலைகளுக்கும் போய்விடுவதுதான் காரணம். ஜனாக்ரஹா அமைப்பு 2015 முதல் மாநகராட்சியோடு சேர்ந்து ‘மை சிட்டி மை பட்ஜெட்’ என்ற பெயரில் மக்களிடம் பட்ஜெட் யோசனைகளைத் திரட்டியது. குழி மூடுதல், நடைபாதை, ஆழ்துளைக் கிணறு போன்றவற்றுக்கு வார்டுக்கு 60 லட்சம் ரூபாய் வைத்து, அதை வார்டுக் குழுவின் ஒப்புதலோடு செலவிடச் சொன்ன ஏற்பாடும் முன்பு இருந்தது. புதிய மாநகராட்சிகளிடம் இதைத்தான் நாம் மறுபடி கேட்க வேண்டும்: வார்டுக் குழு முடிவு செய்ய என்று தனியாக ஒரு தொகை.

நம் தெருக்கள் பலவற்றுக்குப் பொருந்தும் இன்னொரு வாசலும் உண்டு. கர்நாடக உள்ளாட்சிகள் தங்கள் நிதியில் 24.1 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நலனுக்கும், 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்க வேண்டும். உங்கள் வார்டில் அந்தத் தொகை எதற்குப் போனது என்று கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை.

படி 8: வேலை நடக்கும்போது

பணிக்கு ஒரு எண் உண்டு. அலுவலகத்தில் ஜாப் கோட் என்பார்கள். அந்த எண், ஒப்பந்தக்காரர், மதிப்பு, முடியும் தேதி ஆகியவை பணியிடத்துப் பலகையில் இருக்க வேண்டும். பலகை இல்லையென்றால் முதல் மனு அதற்கே. எண் கிடைத்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட், பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டுவாடா விவரம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருள், 150 சொற்களுக்குள், கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் போதாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

பலர் அறியாத ஓர் உரிமை: அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் கேட்கலாம். அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளத்தை, டேப்பைப் பிடித்துத் தெருவில் அளந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் தார் பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். புதிதாக நிதி கேட்கத் தேவையில்லை. முறைகேடு தெளிவாகத் தெரிந்தால், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோகாயுக்தா. ஆவணம் கையில் வந்த பிறகே அங்கே போங்கள்.

படி 9: மற்ற மேசைகள்

சிவாஜிநகரில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு வார்டுக் குழுவைவிட நகர விற்பனைக் குழு முக்கியம். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் மாநகராட்சி ஒருவரை இடம் மாற்றவோ வெளியேற்றவோ கூடாது. கணக்கெடுப்பு நடக்கும்போது பெயரைப் பதிந்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

குடிசைப்பகுதியில் இருப்பவர்கள், தங்கள் பகுதி 1973-ஆம் ஆண்டின் கர்நாடகக் குடிசைப்பகுதிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்று வாரியத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வசதி கேட்பதற்கும் வெளியேற்றத்தை எதிர்ப்பதற்கும் அந்தத் தாள் அடித்தளம். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் பள்ளி மேம்பாட்டுக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு, பெயர் கொடுங்கள்.

படி 10: தடுப்பதும் தேர்தலும்

2016 அக்டோபரில், மாநில அரசு பெங்களூரில் கட்டவிருந்த எஃகு மேம்பாலத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 1,791 கோடி ரூபாய்த் திட்டத்தை 2017 மார்ச்சில் அரசு கைவிட்டது. இந்த ஊரில் மக்கள் சேர்ந்தால் அரசு இறங்கி வரும் என்பதற்கு அது சான்று. ஆனால் வேண்டாத ஒன்றைத் தடுக்க எல்லா நேரமும் தெருவுக்கு வர முடியாது. வேண்டியதைக் கேட்கும் இடத்தில் முன்பே இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் மூன்று வாக்குறுதி எழுத்தில் வாங்குங்கள்: வார்டுக் குழுவை மாதந்தோறும் கூட்டுவேன், நடாவளியை வெளியிடுவேன், குழுவின் ஒப்புதல் இல்லாமல் வார்டுப் பணிப் பட்டியலை அனுப்ப மாட்டேன். கையெழுத்துப் போட்ட தாளை மனுக்கள், ஒப்புகைகள், நடாவளி நகல்கள், தகவல் உரிமைப் பதில்களோடு ஒரே கோப்பில் தேதி வரிசையில் கோத்துவையுங்கள். மூலம் ஒரு வீட்டில், நகல் இன்னொரு வீட்டில். வாடகை வீடு மாறிப் போகிறவர் கோப்பை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, எந்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.